கடையில் வாங்கிய ஆர்.சி. (ரிமோட்டில் ஓடும்) படகை வேகமாக்குவது எப்படி? மதுரைப் பக்கம் ஓட்டுபவர்களுக்கு ஒரு செய்முறை

பெட்டியைப் பிரித்து நாலைந்து முறை ஓட்டியதுமே எல்லாருக்கும் வருகிற ஆசை ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகணும். உடனே பெரிய பேட்டரி வாங்கி மாட்டிவிடுகிறார்கள். படகு ஒரு ரவுண்டு பறக்கும், அடுத்த ரவுண்டில் புகையும். பேட்டரியைக் கடைசியாகத் தொடுங்கள் என்பதுதான் இந்தப் பதிவின் சாரம். முதலில் படகை இழுத்துப் பிடிக்கிற விஷயங்களைச் சரிசெய்ய வேண்டும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

இரண்டடி நீளத்துக்குள் இருக்கும், பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டாரும் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் உள்ள ஒற்றை அடித்தளப் படகை மனதில் வைத்து எழுதுகிறேன்.

எங்கே, எப்போது ஓட்டுவது

தெப்பக்குளத்தில் ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அது கோயில் குளம், எந்நேரமும் கூட்டம். மாடக்குளம், நிலையூர் மாதிரி பெரிய கண்மாய்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தண்ணீர் நிற்கும் மாதங்கள்தான் நமக்கு சீசன். ஆகாயத்தாமரை படர்ந்த பக்கம் போகவே கூடாது, ஒரு தண்டு சிக்கினால் ஷாஃப்ட் (ப்ரொபெல்லரைச் சுழற்றுகிற கம்பி) முறுக்கிக்கொள்ளும். பறவைகள் கூடு வைத்திருக்கிற கண்மாயையும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பல கண்மாய்களில் மீன் ஏலம் எடுத்தவர் இருப்பார். கரையில் அவரைப் பார்த்து, "அண்ணே, வலை எந்தப் பக்கம் கெடக்கு?" என்று கேட்டுவிட்டு இறங்கினால் அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. காலை ஏழு மணிக்குள் காற்று அடங்கி இருக்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது நம் படகு எம்மாத்திரம்!

முதல் படி: மிதக்க வையுங்கள்

வேகம் கூடினால் படகு கவிழும், அதில் சந்தேகமே வேண்டாம். அதனால் உள்ளே இருக்கிற காலி இடத்தில் தெர்மாகோல் துண்டுகளை அடையுங்கள். (2017-இல் வைகை அணைத் தண்ணீரைத் தெர்மாகோலால் மூடப் பார்த்ததை நினைத்துச் சிரிக்காதீர்கள், இங்கே அது உண்மையிலேயே வேலை செய்யும்.) மூடியின் விளிம்பைச் சுற்றித் தண்ணீர் புகாத டேப் ஒட்டுங்கள். நின்றுபோன படகை எடுக்கக் கண்மாய்க்குள் இறங்காதீர்கள். மண் அள்ளிய பள்ளங்களும் சேறும் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. தூண்டில் நரம்பில் டென்னிஸ் பந்தைக் கட்டி, படகுக்கு அந்தப் பக்கம் விழும்படி எறிந்து மெதுவாக இழுத்தால் வந்துவிடும்.

இரண்டாம் படி: எடையைச் சரிசெய்வது

காசே இல்லாமல் கிடைக்கிற வேகம் இது. பேட்டரியை உள்ளே வைத்து, மூடியைப் போட்டு, படகை இரண்டு விரல் நுனியில் தூக்கிப் பாருங்கள். எந்த இடத்தில் சமமாக நிற்கிறதோ அது பின்பக்கத்திலிருந்து நீளத்தில் சுமார் 30 சதவீதத்தில் இருக்க வேண்டும். 60 செ.மீ. படகு என்றால் 18 செ.மீ. பேட்டரியை முன்னே பின்னே நகர்த்தி அந்த இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஓட்டும்போது மூக்கு தவளை மாதிரி எம்பி எம்பிக் குதித்தால் எடை பின்னால் போய்விட்டது என்று அர்த்தம், பேட்டரியை ஒரு விரல்கடை முன்னே தள்ளுங்கள். மூக்கைத் தண்ணீரில் புதைத்துக்கொண்டு, திரும்பும்போது வெடுக்கென்று வெட்டினால் பின்னே இழுங்கள்.

மூன்றாம் படி: அடிப்பகுதி

படகைக் கவிழ்த்து வைத்து, ஒரு ஸ்டீல் ஸ்கேலை நீளவாக்கில் பின்பாதியில் வையுங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே குழி, ஸ்கேல் ஆடினால் மேடு. குழி இருந்தால் மூக்கு தாழ்ந்து தண்ணீரை உழும், மேடு இருந்தால் குதிக்கும். குழியை எபாக்ஸி பசையால் நிரப்பி, காய்ந்ததும் ஒரு மரக்கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றி, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். 400-இல் தொடங்கி 600, கடைசியில் 1000. பெயிண்ட் கடையில் எல்லாம் கிடைக்கும்.

அடிப்பகுதி முடிகிற பின்விளிம்பு வட்டமாக இருக்கக் கூடாது. தண்ணீர் அங்கே சட்டென்று விட்டுப் பிரிய வேண்டும். அச்சில் வார்த்த படகுகளில் அந்த விளிம்பு பெரும்பாலும் மழுங்கித்தான் வரும். எபாக்ஸி வைத்துக் கூராக்கிவிடுங்கள். பளபளப்பாக்கப் பாலிஷ் போடுவதெல்லாம் பார்க்க அழகு, அவ்வளவுதான்.

நான்காம் படி: ஷாஃப்டும் ஸ்ட்ரட்டும்

ஃப்ளெக்ஸ் ஷாஃப்டை (வளைந்து கொடுக்கிற ஷாஃப்ட்) உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, தண்ணீருக்குக் கரையாத மெரைன் கிரீஸ் தடவி மாட்டுங்கள். மாட்டும்போது ஸ்ட்ரட்டுக்கும் (படகின் பின்னால் ஷாஃப்டைத் தாங்குகிற துண்டு) ப்ரொபெல்லரைப் பிடிக்கிற பித்தளைத் துண்டுக்கும் நடுவில் 2, 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். சுமை ஏறியதும் ஷாஃப்ட் முறுக்கேறி நீளம் குறையும். இடைவெளி இல்லையென்றால் இரண்டும் உரசிப் பாதி வேகத்தைத் தின்றுவிடும்.

ஸ்ட்ரட் முதலில் அடிப்பகுதிக்கு இணையாக இருக்கட்டும். பின்முனையைக் கீழே சாய்த்தால் மூக்கு தாழும், மேலே சாய்த்தால் மூக்கு தூக்கும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து ஓட்டிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: ப்ரொபெல்லர்

படகோடு வருகிற பிளாஸ்டிக் ப்ரொபெல்லர் வேகத்தில் வளையும். அதே அளவில் உலோக ப்ரொபெல்லர் போட்டாலே வித்தியாசம் தெரியும். ஆக்டுரா நிறுவனத்தின் எக்ஸ் வரிசையில் எக்ஸ் 437 என்றால் பிட்ச் விகிதம் 1.4, விட்டம் 37 மி.மீ. ஒரு சுற்றுக்கு 37 × 1.4, ஏறக்குறைய 52 மி.மீ. முன்னேறும் என்பது கணக்கு.

வாங்கிய உலோக ப்ரொபெல்லர் அப்படியே மாட்டுவதற்கில்லை. கூராக்க வேண்டும், சமன் செய்ய வேண்டும். தண்ணீரைத் தள்ளுகிற முகத்தைத் தொடாமல், மறுபக்கத்திலிருந்து சின்ன அரத்தால் முன்விளிம்பைச் சீவுங்கள். பிறகு துளையில் சரியாகப் பொருந்துகிற நேரான கம்பியைச் செருகி, இரண்டு ஷேவிங் பிளேடுகளை நிறுத்தி அவற்றின் விளிம்பில் கம்பியை வையுங்கள். கனமான இதழ் கீழே இறங்கும். அந்த இதழையே, தண்ணீரைத் தள்ளாத பக்கத்தில், துளித்துளியாகத் தேயுங்கள். எப்படி வைத்தாலும் அசையாமல் நின்றால் முடிந்தது. பெரிலியம் காப்பர் ப்ரொபெல்லர் என்றால் காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, அதன் தூசி நுரையீரலுக்கு விஷம். மாஸ்க் போட்டு, தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். பயமாக இருந்தால் அலுமினிய ப்ரொபெல்லரே போதும்.

ஆறாம் படி: இப்போது பேட்டரி

மோட்டாரும் இ.எஸ்.சி.யும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற சர்க்யூட்) 3எஸ், அதாவது மூன்று செல் பேட்டரியைத் தாங்கும் என்று மேலேயே அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இந்தப் படி உங்களுக்கு இல்லை.

2எஸ் என்றால் 7.4 வோல்ட், 3எஸ் என்றால் 11.1. மோட்டார் 2000 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று) என்று வைத்துக்கொள்வோம். சுமையில்லாமல் நிமிடத்துக்கு 14,800 சுற்று சுற்றியது இனி 22,200 சுற்றும், அதாவது ஒன்றரை மடங்கு. ஆனால் தண்ணீரில் ப்ரொபெல்லர் கேட்கிற சக்தி சுற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 1.5 × 1.5 × 1.5, கிட்டத்தட்ட 3.4 மடங்கு. வோல்ட் கூடிய 1.5 மடங்கால் வகுத்தாலும் மின்னோட்டம் 2.25 மடங்கு: 40 ஆம்பியர் இழுத்தது 90 இழுக்கும். புகை வருவது இதனால்தான்.

இதற்கு வழி, ப்ரொபெல்லரைச் சின்னதாக்குவது. விட்டம் குறைந்தால் சுமை ஐந்து மடிப் பெருக்கத்தில் (குறைந்த மடங்கை ஐந்து முறை பெருக்கிய அளவுக்கு) இறங்கும். 40 மி.மீ.யிலிருந்து 36-க்கு வந்தாலே சுமை 0.59 மடங்காகிவிடும். 90 ஆம்பியர் 53-க்கு வந்துவிடும், வேகமோ பழையதைவிட 35 சதவீதம் கூடுதல். ஏட்டுக் கணக்குதான், இருந்தாலும் எந்தத் திசையில் போக வேண்டும் என்று சொல்லிவிடும். 1.4 பிட்ச் விகிதமுள்ள 36 மி.மீ. ப்ரொபெல்லரோடு, சுமையால் சுற்றில் ஐந்தில் ஒரு பங்கும், தண்ணீரில் நழுவி 15 சதவீதமும் குறைந்தாலும் மணிக்கு 45 கி.மீ. பக்கம் வரும். கரையில் நின்று பார்க்கும்போது அது நூறு மாதிரி தெரியும்!

பேட்டரியை இணைக்கிற எக்ஸ்.டி. 60 கனெக்டர் பெயருக்கேற்ப 60 ஆம்பியருக்குத்தான். அதைத் தாண்டினால் எக்ஸ்.டி. 90.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டம் ஒரு நிமிடம் போதும். பக்கவாட்டுத் துளையிலிருந்து குளிர்விக்கும் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று கவனியுங்கள். கண்மாய்ச் சேறு அந்தச் சின்னக் குழாயை அடிக்கடி அடைக்கும், வாயால் ஊதினாலே போய்விடும். கரைக்கு வந்ததும் மோட்டார், இ.எஸ்.சி., பேட்டரி மூன்றையும் தொட்டுப் பாருங்கள். மோட்டாரில் விரலை ஐந்து வினாடி வைக்க முடியவில்லையென்றால் இன்னும் சின்ன ப்ரொபெல்லருக்கு மாறுங்கள். சித்திரை வெயிலில் கண்மாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும். மார்கழியில் தாங்கிய செட்டிங் அப்போது தாங்காது.

பேட்டரியை வண்டி சீட்டுக்கடியில் வெயிலில் போடாதீர்கள். அந்த வாரம் திரும்ப ஓட்டப் போவதில்லையென்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் வைத்துச் சேமியுங்கள். சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே இருங்கள். வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து காய வைத்து, அப்புறம் ஷாஃப்டை உருவித் துடைத்து மறுபடி கிரீஸ் தடவிவிடுங்கள்.