கெர்னல் லாகில் தேதியும் நேரமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு டிரைவர் நல் (எந்த முகவரியையும் காட்டாத) பாயிண்டரைத் தொட்டால் ஊப்ஸ் என்ற பிழை அறிக்கை வரும், ஸ்டாக் டிரேஸ் வரும், எந்த ஃபங்ஷனில் விழுந்தது என்றுகூடத் தெரிந்துவிடும். அதே டிரைவர் லாகில் நேரத்தைத் தப்பாக எழுதினால் எதுவுமே நடக்காது. மெஷின் பாட்டுக்கு ஓடும். ஆறு மாதம் கழித்து இரண்டு மெஷின்களின் லாகைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது முதலில் நடந்தது, எது அதனால் நடந்தது என்று ஒருவர் தலையைப் பிய்த்துக்கொள்ளும்போதுதான் அந்தத் தவறின் விலை தெரியும். அதனால்தான் இதை ஒரு சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள முடிவதில்லை. கீழே சொல்வதெல்லாம் லினக்ஸ் கெர்னலை வைத்துத்தான்.

முதல் தவறு, தேதியைக் கையாலேயே கோப்பது. யூசர் ஸ்பேஸில் (சாதாரண நிரல்கள் ஓடும் பகுதியில்) தேதியை வடிவமைத்துத் தரும் எஸ்டிஆர்எஃப்டைம் கெர்னலுக்குள் கிடையாது. அதனால் பலரும் ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று எண்களை எடுத்து நடுவில் கோடு போட்டு, லாகில் எழுதும் பிரிண்ட்கேயில் தள்ளிவிடுகிறார்கள். ஆண்டை வைக்கும் டிஎம்_இயர் 1900-லிருந்து கணக்கு, மாதத்தை வைக்கும் டிஎம்_மன் 0-விலிருந்து 11 வரை. ஆண்டில் 1900-ஐக் கூட்ட மறந்தால் 2025-க்குப் பதில் 125 என்று வரும், உடனே கண்ணில் படும், திருத்திவிடுவீர்கள். மாதத்தில் ஒன்றைக் கூட்ட மறந்தால் மார்ச் மாதம் 02 என்று வரும், அதைப் பார்த்து யாருக்கும் சந்தேகமே வராது. ஜனவரியில் 00 வரும்போதுதான் பிடிபடும்.

5.0 கெர்னலிலிருந்து இதற்குச் சொந்த வழி இருக்கிறது. சதவீதக் குறிக்குப் பிறகு சிறிய பி, சிறிய டி, பெரிய ஆர் (இனி இதைப் பிடிஆர் என்கிறேன்) போட்டு ஆர்டிசி_டைம் ஸ்ட்ரக்ட்டின் (ஆர்டிசி என்பது மெஷின் அணைந்தாலும் ஓடும் கடிகார சிப்) முகவரியைக் கொடுத்தால், ஆண்டு-மாதம்-நாள், நடுவே ஐஎஸ்ஓ 8601 கேட்கிறபடி பெரிய டி ஒன்று, அப்புறம் மணி:நிமிடம்:நொடி என்று அதுவே அச்சிடும். 1900-ஐயும் 1-ஐயும் அதுவே கூட்டிக்கொள்ளும். கடைசி எழுத்தைப் பெரிய டி ஆக்கினால் (இது பிடிடி) டைம்64_டி வகை நொடிக் கணக்கை (1970-லிருந்து மொத்த நொடி) அதே மாதிரி அச்சிடும். அது பின்னால் சேர்ந்தது. இதில் ஒரு பொறி: ஏற்கெனவே 2025 என்று முழு ஆண்டையும் டிஎம்_இயரில் போட்டு வைத்திருந்தால் பிடிஆர் அதன் மேல் 1900-ஐக் கூட்டி 3925 என்று எழுதும். அதைப் பார்த்ததும் சிலர் கடைசியில் சிறிய ஆர் ஒன்றைச் சேர்த்து, எதையும் கூட்டாமல் இருப்பதை அப்படியே அச்சிடும் வழிக்குப் போகிறார்கள். லாகில் ஆண்டு சரியாகிவிடும், ஸ்ட்ரக்ட் தப்பாகவே இருக்கும், அதை நம்பி நேரத்தை செட் செய்யும் மற்ற நிரல் எல்லாம் கெடும். திருத்த வேண்டியது ஸ்ட்ரக்ட்டை நிரப்புகிற இடம்.

ஆர்டிசி டிரைவர் எழுதுகிறவர்கள் அந்த நிரப்புகிற இடத்தில் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும். பல ஆர்டிசி சிப்கள் எண்களை பிசிடியில் (ஒவ்வொரு பதின்ம இலக்கத்தையும் தனித்தனி நான்கு பிட்டில் எழுதும் முறை) வைத்திருக்கும், அதாவது அக்டோபர் என்றால் ரிஜிஸ்டரில் இருப்பது ஹெக்ஸின் 10, அதைச் சாதாரண எண்ணாகப் படித்தால் 16. மாதத்துக்கு மட்டும், பிசிடியைச் சாதாரண எண்ணாக மாற்றும் பிசிடி2பின் போட மறந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1 முதல் 9 வரை இரண்டு முறையிலும் ஒரே எண்தான் என்பதால் மார்ச்சில் எழுதிய டிரைவர் செப்டம்பர் முடிய ஒழுங்காக ஓடும். அக்டோபர் 1 அன்று 16-ஆம் மாதம் பிறக்கும். நிமிடத்தில் மறந்தால் ஒவ்வொரு மணியின் முதல் பத்து நிமிடம் மட்டும் சரியாக இருக்கும், அந்தப் பத்து நிமிடத்துக்குள் சோதித்துவிட்டு அனுப்பினால் தீர்ந்தது. பிடிஆர் எதையும் சரிபார்க்காது, கொடுத்ததை அச்சிடும். அதனால் அச்சிடும் முன் ஆர்டிசி_வேலிட்_டிஎம்மைக் கூப்பிட்டு, அது சரி என்றால் மட்டும் அச்சிடுங்கள்.

இனி எனக்கு மிகவும் ஆபத்தாகத் தெரிகிற ஒன்று. பிடிஆர், பிடிடி இரண்டும் பாயிண்டரை வாங்குகின்றன. மதிப்பை நேராகக் கொடுத்தால் கம்பைலர் வார்னிங் தரும், நல்லது. ஆனால் தவறான வகைப் பாயிண்டரைக் கொடுத்தால் கம்பைலர் வாயே திறக்காது, அதன் கண்ணுக்கு எல்லாமே வெறும் பாயிண்டர்தான். பிடிடி போட்டுவிட்டு ஆர்டிசி_டைம் முகவரியைக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த ஸ்ட்ரக்ட்டின் முதல் இரண்டு 32 பிட் எண்கள் நொடியும் நிமிடமும். லிட்டில் எண்டியன் (எண்ணின் சிறிய பகுதியை முதலில் வைக்கும்) மெஷினில் அந்த இரண்டையும் சேர்த்து ஒரே 64 பிட் எண்ணாகப் படிக்கும்போது, நிமிடம் 4294967296-ஆல் பெருக்கப்பட்டு நொடியோடு சேர்கிறது. கடிகாரம் 30 நிமிடம் 15 நொடி காட்டினால் லாகில் வருவது 6053-ஆம் ஆண்டு ஜனவரி. அடுத்த நிமிடத்தில் இன்னும் 136 ஆண்டு தாவும். நிமிடம் 0 ஆக இருந்தால் 1970 ஜனவரி 1. ஆண்டு இப்படி நிமிடத்துக்கு நிமிடம் தாவுவதைப் பார்த்தால் மெமரி கெட்டுவிட்டது என்று தேடப் போகாதீர்கள், முதலில் ஃபார்மட் எழுத்தையும் பாயிண்டரின் வகையையும் ஒப்பிடுங்கள்.

நொடிக்குக் கீழே போனால் இன்னொரு பழைய தவறு. டைம்ஸ்பெக்64-இல் நொடியும் நானோநொடியும் தனித்தனி. நடுவில் ஒரு புள்ளி வைத்து இரண்டையும் அப்படியே அச்சிட்டால், 5 நொடி 7 மில்லிநொடி என்பது 5.7000000 என்று வரும். படிக்கிறவர் அதை ஐந்தே முக்கால் நொடிக்குக் கிட்ட என்று எடுத்துக்கொள்வார், உண்மை 5.007000000. நானோநொடிக்கு முன்னால் பூஜ்யம் நிரப்பி ஒன்பது இலக்கம் வர வேண்டும், மைக்ரோநொடி என்றால் 1000-ஆல் வகுத்து ஆறு இலக்கம். கழித்தல் கணக்கில் எதிர்ம மதிப்பு வந்தால் நிலைமை இன்னும் மோசம்: மைனஸ் அரை நொடி என்பதை கெர்னல் நொடி -1, நானோநொடி 500000000 என்று வைத்திருக்கும், அச்சில் அது -1.500000000 ஆகிவிடும். வித்தியாசத்தை அச்சிட வேண்டுமென்றால் கேடைம்_டி வகையாகவே கழித்து, மொத்த நானோநொடியை ஒரே எண்ணாக எழுதிவிடுங்கள், குழப்பமே இல்லை.

அந்த மொத்த நானோநொடியைச் சும்மா 1000-ஆல் வகுக்கலாமே என்று தோன்றும். 64 பிட் மெஷினில் கம்பைல் ஆகும், ஓடும். 32 பிட் ஆர்மிலோ எக்ஸ்86-இலோ லிங்க் ஆகும்போது, கேள்விப்படாத ஏதோ ஒரு வகுத்தல் ஃபங்ஷனைக் காணோம் என்று நிற்கும். டிவ்_யு64, டிவ்_எஸ்64, இல்லையென்றால் கேடைம்_டு_எம்எஸ் போன்றவற்றைப் பயன்படுத்துங்கள். டூ_டிவ் எடுக்கிறீர்கள் என்றால் நினைவிருக்கட்டும், அது திருப்பித் தருவது மீதியை, ஈவு நீங்கள் கொடுத்த மாறிக்குள்ளேயே போய் உட்காரும். நொடிக் கணக்கை லாங்கில் சுருக்கி அச்சிடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். 64 பிட்டில் அது சரியாகவே தெரியும், 32 பிட்டில் 2038 ஜனவரி 19 யுடிசி 03:14:07-க்கு அடுத்த நொடி 1901 டிசம்பர் 13-க்குப் போய்விடும்.

எந்தக் கடிகாரம் என்பதைச் சொல்லாமல் விடுவதும் தவறுதான், இதை மட்டும் வடிவத்தைத் திருத்திச் சரிசெய்ய முடியாது. பிடிடியின் வெளியீட்டில் நேர மண்டலம் எதுவும் இருக்காது. கெர்னல் யுடிசியில் கணக்கு வைக்கிறது, உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவது யூசர் ஸ்பேஸின் வேலை. உள்ளேயே மாற்றி அச்சிட்டால் கோடைகால நேர மாற்றம் இருக்கும் ஊரில் ஆண்டுக்கு ஒரு முறை ஒரே மணி இரண்டு தடவை வரும். ஆர்டிசி பகுதி பூட் ஆகும்போது எழுதுகிற வரியைப் பாருங்கள்: தேதி, நேரம், பக்கத்தில் யுடிசி என்ற சொல், அடைப்புக்குறிக்குள் 1970-லிருந்து மொத்த நொடி. இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. கெர்னல் லாகைக் காட்டும் டிமெசேஜில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வருவது வேறு கடிகாரம், பூட் ஆனதிலிருந்து ஓடுவது. மெஷின் தூங்கி எழுந்தால் அதை வைத்துக் கணக்கிட்ட சுவர் நேரம் (சுவர்க் கடிகாரம் காட்டுகிற நிஜ நேரம்) பிசகும். ஒரு வேலை எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளக்கச் சுவர் நேரத்தை எடுக்கவே எடுக்காதீர்கள், நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைத் திருத்தும் என்டிபி நடுவில் அதைத் தள்ளிவிட்டால் எதிர்ம மதிப்பு வரும். அதற்குக் கேடைம்_கெட், தூங்கிய நேரமும் சேர வேண்டும் என்றால் கேடைம்_கெட்_பூட்டைம்.

ஜிஃபீஸை (கெர்னலின் டிக் எண்ணிக்கையை) அப்படியே அச்சிடுவதும் வேண்டாம். ஒரு நொடிக்கு எத்தனை டிக் என்பது 100, 250, 300, 1000 என்று கான்ஃபிகுக்குக் கான்ஃபிக் மாறும், போதாததற்கு 32 பிட் மெஷினில் பூட் ஆகி ஐந்து நிமிடத்தில் சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கு வரும்படி வேண்டுமென்றே மைனஸ் 300 நொடியில் தொடங்கி வைத்திருக்கிறார்கள். என்எம்ஐ (தடுக்கவே முடியாத இன்டரப்ட்) ஹேண்ட்லருக்குள் நேரம் வேண்டுமென்றால் சாதாரண ஃபங்ஷனைத் தொடாதீர்கள்: நேரத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நிரலின் மேலேயே என்எம்ஐ வந்து விழுந்தால், வாசிக்கும் லூப் முடியவே முடியாது. கேடைம்_கெட்_ரியல்_ஃபாஸ்ட்_என்எஸ் இருப்பது அதற்காகத்தான்.

எழுதி முடித்ததும் சோதிக்க ஒரு எண் தருகிறேன், கெர்னலின் சொந்த பிரிண்ட்எஃப் சோதனையில் இருப்பதுதான்: 1546615943. இதை டைம்64_டியில் போட்டு உங்கள் நிரல் வழியாக அச்சிடுங்கள். தேதி 2019-01-04, நேரம் 15:32:23 என்று வர வேண்டும். 0119-00-04 வந்தால் ஆண்டு, மாதம் இரண்டிலும் கூட்டல் விட்டுப்போயிருக்கிறது, மணி மட்டும் மாறி வந்தால் எங்கோ நேர மண்டலம் புகுந்திருக்கிறது.