பக்க வடிவமைப்பில் படம் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிடிபி மென்பொருளில், அதாவது கணினியில் பக்கம் வடிவமைக்கும் மென்பொருளில், படம் சம்பந்தமாக நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. திரையில் தெரிவதுதான் படம் என்று நம்பிவிடுகிறோம். இன்டிசைன் ஆகட்டும், ஸ்கிரைபஸ் ஆகட்டும், பக்கத்தில் நாம் பார்ப்பது படத்தின் முன்தோற்றம் மட்டும்தான். அசல் படம் கணினியில் வேறு ஏதோ ஒரு ஃபோல்டரில் தனி ஃபைலாகக் கிடக்கிறது. பக்கத்தில் இருப்பது ‘அந்தப் படத்தை எடு, இந்த அளவுக்கு மாற்று, இவ்வளவு வெட்டு, இங்கே வை’ என்கிற குறிப்பு. இது மனதில் பதிந்துவிட்டால் கீழே சொல்லப்போகும் பாதித் தவறுகளை யாரும் சொல்லித்தராமலேயே தவிர்த்துவிடலாம்.

முதல் தவறு, காப்பி பேஸ்ட். பிரௌசரிலோ வேறு மென்பொருளிலோ படத்தைக் காப்பி செய்து நேராகப் பக்கத்தில் ஒட்டிவிடுவது. வேலை சட்டென்று முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் அப்படி ஒட்டிய படத்துக்கு லிங்க், அதாவது அசல் ஃபைலோடு இணைப்பு, கிடையாது, அசல் ஃபைல் எது என்று பிறகு தேட வழியில்லை, பல நேரம் கிளிப்போர்டு வழியாக வருவது திரைக்குப் போதுமான தரத்தில் உள்ள நகல்தான். அப்புறம் அந்தப் படத்தில் ஒரு திருத்தம் வந்தால் முதலிலிருந்து தேட வேண்டும். இன்டிசைனில் பிளேஸ் கட்டளை, அதாவது கண்ட்ரோல் + டி. ஸ்கிரைபஸில் இமேஜ் ஃப்ரேம் வரைந்து கண்ட்ரோல் + ஐ. படம் எப்போதும் இந்த வழியாகத்தான் உள்ளே வர வேண்டும்.

லிங்க் என்றால் அதைக் காப்பாற்றவும் வேண்டும் இல்லையா? மெயிலில் வந்த ஜிப் ஃபைலைத் திறந்து உள்ளே இருக்கும் படத்தை அங்கிருந்தபடியே பக்கத்தில் வைப்பார்கள், அது தற்காலிக ஃபோல்டர், சில நாளில் காணாமல் போய்விடும். பென் டிரைவிலிருந்து நேராக வைப்பார்கள், பென் டிரைவைக் கழற்றியதும் லிங்க் போச்சு. இதில் மோசம் என்னவென்றால், இன்டிசைனில் லிங்க் அறுந்த பிறகும் திரையில் படம் தெரிந்துகொண்டுதான் இருக்கும், கொஞ்சம் மங்கலாக, அவ்வளவுதான். அச்சுக்குப் போகும்போதுதான் குட்டு வெளிப்படும். வேலையை ஆரம்பிக்கும்போதே ஒரு ஃபோல்டர், அதற்குள் படங்களுக்கு என்று ஒரு ஃபோல்டர் போட்டு, எல்லாவற்றையும் அங்கே நகலெடுத்த பிறகு பக்கத்தில் வையுங்கள். பெயரும் முக்கியம். ‘படம்1’, ‘படம்2’ என்று நான்கு ஃபோல்டரில் ஒரே பெயரில் ஃபைல்கள் இருந்தால் ரீலிங்க் செய்யும்போது, அதாவது அறுந்த லிங்கை மறுபடி இணைக்கும்போது, தவறான ஆளின் முகம் தவறான பெயருக்கு மேலே வந்து உட்கார்ந்துவிடும், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். கோப்பை வேறொருவருக்குக் கொடுக்கும்போது இன்டிசைனில் பேக்கேஜ், ஸ்கிரைபஸில் கலெக்ட் ஃபார் அவுட்புட் என்று இருக்கிறது. படங்கள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துத் தரும். வெறும் லே-அவுட் ஃபைலை மட்டும் அனுப்பாதீர்கள்.

ரெசல்யூஷன்: குழப்பத்தின் தலைநகரம்

‘படம் 72 டிபிஐயில் (அங்குலத்துக்கு 72 புள்ளி) இருக்கிறது, 300 ஆக மாற்றிக் கொடுங்கள்’ என்ற வாசகத்தை இந்தத் தொழிலில் கேட்காதவர் இருக்க முடியாது. 72 என்று ஃபைலுக்குள் எழுதியிருக்கும் எண்ணுக்குத் தனியாக எந்த அர்த்தமும் இல்லை. படத்தில் இருப்பது பிக்சல்கள். 3000 பிக்சல் அகலமுள்ள படத்தை 10 அங்குல அகலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 300 பிக்சல், 20 அங்குலத்தில் அச்சிட்டால் 150. ஃபைலில் 72 என்று எழுதியிருந்தாலும் இதுதான் கணக்கு, 300 என்று எழுதியிருந்தாலும் இதுதான் கணக்கு.

ஆகவே பார்க்க வேண்டியது பக்கத்தில் வைத்த பிறகு அந்த அளவில் என்ன கிடைக்கிறது என்பதை. இன்டிசைனின் லிங்க்ஸ் பேனலில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆக்சுவல் பிபிஐ, எஃபெக்டிவ் பிபிஐ என்று இரண்டு எண்கள் காட்டும் (பிபிஐ என்றால் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்). முதலாவதை மறந்துவிடுங்கள், இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. ஸ்கிரைபஸிலும் படத்தின் பண்புகளில் அந்த அளவுக்கான உண்மையான டிபிஐ தெரியும். நல்ல தாளில் ஆஃப்செட் அச்சுக்கு 300 என்பது வழக்கம், செய்தித்தாள் மாதிரியான தாளுக்கு 200 இருந்தாலே நன்றாக வரும், ஏனென்றால் அங்கே அச்சுப் புள்ளிகளே பெரிதாக இருக்கும். கையெழுத்து, முத்திரை, கோட்டோவியம் போன்ற கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு மட்டும் 600 முதல் 1200 வரை வேண்டும், அவற்றில் விளிம்பு கூர்மையாக இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும்.

வெட்டும்போது என்ன நடக்கிறது என்பதையும் பலர் யோசிப்பதில்லை. அதே 3000 பிக்சல் படம் ஒரு குழுப் புகைப்படம் என்று வையுங்கள். ஓரத்தில் நிற்கும் ஒருவர் மட்டும் வேண்டும், அவர் படத்தின் கால்வாசி அகலத்தில் நிற்கிறார். அவருக்குக் கிடைப்பது 750 பிக்சல். அதை 5 அங்குலத்துக்கு இழுத்தால் 150 பிபிஐ, முகம் உடைய ஆரம்பிக்கும். ‘பெரிய படம்தானே, போதுமே’ என்று நினைப்பது இங்கேதான் காலை வாரும்.

சரி, குறைவாக இருந்தால் என்ன செய்வது? படத்தைத் திருத்தும் மென்பொருளில் பிக்சல் எண்ணிக்கையைக் கூட்டினால் ரெசல்யூஷன் குறைவு என்ற எச்சரிக்கை மறையும், விவரம் கூடாது. இல்லாத பிக்சலைப் பக்கத்துப் பிக்சலைப் பார்த்து அது ஊகிக்கிறது. செயற்கை நுண்ணறிவு வைத்துப் பெரிதாக்கும் கருவிகள் தரும் படங்கள் இப்போது பார்க்க நன்றாகவே இருக்கின்றன, ஆனால் அந்தக் கருவிகள் கண்ணையும் பல்லையும் தாமாகக் கற்பனை செய்து வரைகின்றன; இலை, கல், வானம் என்றால் பரவாயில்லை, ஒருவருடைய முகத்துக்கு, அதுவும் மறைந்தவர் ஒருவரின் நினைவு மலருக்கு, அதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. படத்தைச் சின்னதாக வையுங்கள், அல்லது அசலைக் கேட்டு வாங்குங்கள்.

அசல் கிடைக்காது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும், அதே ஃபைலை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னால் முழு அளவில் வரும். இந்த ஒரு வரியைப் படம் தருபவரிடம் சொல்வதற்குச் சோம்பல்பட்டுத்தான் எத்தனையோ மலர்களில் மங்கிய முகங்கள் அச்சாகின்றன. வேர்டு கோப்புக்குள் படம் வைத்துக் கொடுத்தால், அதைத் திரையில் பிடித்து வெட்டி ஒட்டாதீர்கள். அந்தக் கோப்பின் நகலை எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள டாக்ஸ் என்ற நீட்சியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே மீடியா என்ற ஃபோல்டரில் படங்கள் தனித்தனி ஃபைலாக இருக்கும். வேர்டு சேமிக்கும்போதே கொஞ்சம் சுருக்கியிருக்கலாம், ஆனாலும் திரையில் பிடித்ததைவிட அநேகமாக மேல்.

இழுப்பதும் வெட்டுவதும்

முகம் நீண்டுபோன, வட்ட முத்திரை முட்டையான பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் தவிர்க்க மிக எளிதான தவறு அது. ஃப்ரேம் வேறு, உள்ளே இருக்கும் படம் வேறு. இன்டிசைனில் கறுப்பு அம்புக்குறியால் மூலையைச் சும்மா இழுத்தால் ஃப்ரேம் மட்டும் மாறும், படம் வெட்டுப்படும். கண்ட்ரோலை மட்டும் பிடித்து இழுத்தால் படமும் சேர்ந்து மாறும், ஆனால் விகிதம் கெடும். கண்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்து இழுத்தால்தான் இரண்டும் ஒரே விகிதத்தில் மாறும். ஃபிட்டிங் மெனுவிலும் இதே பொறி: ‘ஃபிட் கன்டென்ட் டு ஃப்ரேம்’ என்பது படத்தைப் பிடித்து நீட்டிவிடும், நமக்கு வேண்டியது பெயரில் ‘புரொபோர்ஷனலி’ என்று வருவதைத்தான். சந்தேகம் இருந்தால் வெள்ளை அம்புக்குறியால் உள்ளே இருக்கும் படத்தைத் தேர்ந்தெடுத்து மேலே எக்ஸ், ஒய் சதவீதங்களைப் பாருங்கள், இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும்.

இடதுபக்கம் பார்க்கும் ஆளை வலதுபக்கம் பார்க்க வைக்கப் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்புவதும் வேண்டாம். சட்டைப் பை இடம் மாறும், பின்னால் உள்ள பலகை எழுத்து இடவலம் மாறிவிடும், அவரைத் தெரிந்தவர்களுக்கு உடனே உறுத்தும்.

பக்க விளிம்பு வரை போகும் படமென்றால் 3 மி.மீ. பிளீட் (தாளை வெட்டும்போது போகும் கூடுதல் ஓரம்) விட்டு வெளியே நீட்டி வைக்க வேண்டும், இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தவறுவது எங்கே என்றால், போட்டோ எடுத்தவரே ஆளின் தலையை ஒட்டி வெட்டியிருப்பார், நீட்ட அங்கே படமே இருக்காது. அந்த மாதிரிப் படத்தை விளிம்புக்குக் கொண்டுபோகாமல் நான்கு பக்கமும் வெள்ளை விட்டு வைப்பதே நல்லது.

நிறம்

திரை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி), அச்சு சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை). திரையில் மின்னும் நீலம், பளிச்சென்ற பச்சை, ஆரஞ்சு எல்லாம் நான்கு மையில் அப்படியே வராது, மங்கும். அது யாருடைய தவறும் அல்ல, மையின் எல்லை. தவறு என்னவென்றால் அதை அச்சான பிறகு பார்ப்பது. இன்டிசைனில் வியூ மெனுவில் புரூஃப் கலர்ஸ் போட்டுப் பார்த்தால் ஓரளவு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எல்லாப் படத்தையும் எடுத்தவுடனே சிஎம்ஒய்கே ஆக்கிவிட வேண்டும் என்று பழைய பாடம் ஒன்று உண்டு. எந்தத் தாளில், எந்த அச்சில் போகப்போகிறது என்று தெரியாமல் மாற்றுவதில் பயனில்லை, இழந்த நிறம் திரும்ப வராது. பளபளப்புத் தாள் நான்கு மையின் சதவீதத்தையும் கூட்டினால் மொத்தமாக 300 சதவீதம் வரை மை தாங்கும், செய்தித்தாள் 240 அளவில்தான் தாங்கும், இரண்டுக்கும் மாற்றும் விதமே வேறு. அச்சகத்திடம் எந்தப் புரொஃபைல் (அந்தத் தாளுக்கும் அச்சுக்கும் உரிய நிற அமைப்பு) என்று கேட்டுவிட்டு, அசலை ஆர்ஜிபியில் பத்திரமாக வைத்து, நகலை மாற்றுங்கள், அல்லது பிடிஎஃப் எடுக்கும்போது மாற்றுங்கள். அச்சில் புள்ளிகள் கொஞ்சம் பரவும் என்பதால் இருண்ட பகுதிகள் திரையில் இருப்பதைவிட இன்னும் இருளும், அதிலும் கறுப்பு முடி, கறுப்புக் கோட்டு உள்ள போட்டோக்களில் நிழல் பகுதியைச் சற்றே தூக்கிவிட்டால் விவரம் தப்பிக்கும்.

திரைப்பிடிப்புப் படங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் உள்ள கறுப்பு எழுத்து ஆர்ஜிபி கறுப்பு, மாற்றினால் நான்கு மையிலும் பிரிந்து போகும், அச்சில் மைகள் இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழும். முடிந்தால் அந்த எழுத்தைப் படமாக விடாமல் பக்கத்திலேயே தட்டச்சு செய்யுங்கள்.

திருத்தும்போது

ஜேபெக் ஃபைலைத் திறந்து திருத்தி, சேமித்து, மறுநாள் மறுபடி திறந்து திருத்தி, மறுபடி சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும், எழுத்து ஓரத்திலும் வானத்திலும் அழுக்கு மாதிரிக் கட்டங்கள் தெரியும். அசலைத் தொடாமல் நகலை டிஃப் ஆகவோ பிஎஸ்டி ஆகவோ வைத்து வேலை செய்யுங்கள். லோகோவுக்கு ஜேபெக் வேண்டவே வேண்டாம், அதில் ஒளிபுகும் பின்னணி கிடையாது, வண்ணப் பட்டையின் மேல் வைத்தால் வெள்ளைக் கட்டம் வரும். பிடிஎஃப், எஸ்விஜி, இபிஎஸ் என்று வெக்டராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு வடிவமாக, கேட்டு வாங்குங்கள். கூர்மையாக்கும் வேலை கடைசி வேலை, பக்கத்தில் எந்த அளவில் வரும் என்று தெரிந்த பிறகு.

இன்னொன்று, இது அழகு சம்பந்தப்பட்டது இல்லை, அதைவிட முக்கியம். ஒருவரின் தொலைபேசி எண்ணையோ குழந்தையின் முகத்தையோ மறைக்க டிடிபி மென்பொருளிலேயே மேலே ஒரு கறுப்புக் கட்டம் போட்டு பிடிஎஃப் எடுப்பார்கள். கீழே படம் அப்படியே இருக்கிறது. பிடிஎஃப் திருத்தத் தெரிந்த யாரும் அந்தக் கட்டத்தை நகர்த்திவிட்டுப் பார்க்கலாம். ஃப்ரேமால் வெட்டி மறைத்த பகுதியும் சில அமைப்புகளில் கோப்புக்குள் தங்கிவிடும். மறைக்க வேண்டியதைப் படத்தைத் திருத்தும் மென்பொருளில் பிக்சலிலேயே அழித்து, படலங்களை (லேயர்களை) ஒன்றாக்கித் தட்டையாக்கி, புதிய ஃபைலாகச் சேமித்து, அதைப் பக்கத்தில் வையுங்கள்.

கடைசியாக பிடிஎஃப். இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, மெயிலில் போக வேண்டும் என்று இன்டிசைனில் ‘ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ்’ தேர்ந்தெடுத்தால் வண்ணப் படங்கள் எல்லாம் 100 பிபிஐக்கு இறங்கிவிடும், அந்த ஃபைலே தவறுதலாக அச்சகத்துக்குப் போய்விடும். பார்வைக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று என்று பெயரிலேயே பிரித்து வையுங்கள். எடுப்பதற்கு முன், தவறுகளைச் சோதித்துக் காட்டும் ப்ரீஃப்ளைட்டில் சிவப்பு எதுவும் இல்லாமல் பாருங்கள், ஸ்கிரைபஸிலும் ப்ரீஃப்ளைட் வெரிஃபையர் உண்டு. எடுத்த பிறகு அக்ரோபேட் புரோ இருந்தால் அவுட்புட் பிரிவ்யூவில் கறுப்பு மையை மட்டும் அணைத்துவிட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். சாதாரணக் கறுப்பு எழுத்து மறைந்துவிட வேண்டும், மறையாமல் பழுப்பாக எங்காவது நின்றால் அது நான்கு மையில் பிரிந்துபோன எழுத்து. அந்தப் பக்கத்துக்கு மட்டும் திரும்பிப் போய்ச் சரிசெய்துவிட்டு அனுப்புங்கள்.