புது புத்தகத்தோட வெளிநாட்டு ரைட்ஸும் சினிமா ரைட்ஸும் விக்கறது எப்படி?

பதிப்பக ஒப்பந்தத்துல கையெழுத்து போடும்போது பெரும்பாலான எழுத்தாளர்கள் பாக்கறது மூணே விஷயம்தான், ராயல்டி (விக்கற ஒவ்வொரு பிரதியிலும் எழுத்தாளருக்கு வர்ற பங்கு) எத்தனை சதவீதம், அட்வான்ஸ் எவ்ளோ, புத்தகம் எப்ப வரும். கீழ எங்கயோ "எல்லா மொழிகளிலும், எல்லா வடிவங்களிலும், உலகம் முழுவதற்கும்"னு ஒரு வரி இருக்கும், அதை யாரும் ரெண்டாவது தடவை படிக்கறதில்ல. அந்த ஒத்த வரியில மொழிபெயர்ப்பு, ஆடியோ, சினிமா, வெப் சீரிஸ், நாடகம், காமிக்ஸ், கேம் எல்லாமே போயிடும். அதனால ரைட்ஸ் விக்கணும்னு நினைக்கறவங்க முதல் வேலையா ஏஜென்ட் (எழுத்தாளர் சார்பா உரிமைகளை வித்துக் கொடுக்கறவர்) தேடாதீங்க, உங்க ஒப்பந்தத்தை எடுத்து எந்த உரிமை யார் கையில இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. கையில இல்லாத உரிமைக்கு யார்கிட்டயும் பேச்சு கொடுக்க முடியாது.

ரைட்ஸ் விக்கறோம்னு சொல்றோமே தவிர நடக்கறது வீட்டை வாடகைக்கு விடற மாதிரிதான், சொந்தக்காரர் எப்பவும் நீங்கதான். ஒரு மொழிக்கு, ஒரு நிலப்பரப்புக்கு, குறிப்பிட்ட வருஷத்துக்கு, குறிப்பிட்ட வடிவத்துக்கு மட்டும் லைசென்ஸ் கொடுக்கறீங்க. இந்த நாலையும் எவ்ளோ நுணுக்கமா பிரிக்கறீங்களோ அவ்ளோ வாய்ப்பு மிச்சமிருக்கும். ஆங்கிலத்தையே பிரிட்டன் காமன்வெல்த் ஒரு பக்கம், வட அமெரிக்கா இன்னொரு பக்கம்னு ரெண்டா விக்கலாம். போர்ச்சுகீஸ் பிரேசிலுக்கு தனி, போர்ச்சுகலுக்கு தனி. ஸ்பானிஷை உலகம் முழுக்க ஒரே பதிப்பகத்துக்கு கொடுக்கலாம், ஸ்பெயின், லத்தீன் அமெரிக்கான்னு பிரிச்சும் கொடுக்கலாம். சீனத்துல சீன நாட்டுக்கான எளிய எழுத்து வடிவத்துக்கு ஒரு ஒப்பந்தம், தைவான் ஹாங்காங்ல ஓடற மரபு எழுத்து வடிவத்துக்கு வேற ஒப்பந்தம். ஜெர்மன் மட்டும் பொதுவா ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ் சேர்த்து ஒரே கையிலதான் போகும்.

மொழிபெயர்ப்பு உரிமை பதிப்பகத்துக்கிட்ட இருந்தா அது தப்பு ஒண்ணும் இல்ல, அவங்ககிட்ட ரைட்ஸ் பார்க்கறதுக்குன்னு ஆள் இருந்து அவர் நிஜமாவே வேலை செஞ்சா நமக்கு நல்லதுதான். அப்போ வர்ற பணத்துல எழுத்தாளருக்கு 75 அல்லது 80 சதவீதம், பதிப்பகத்துக்கு மிச்சம்ங்கறது பரவலா இருக்கற பங்கு, 50க்கு 50ன்னு போட்டிருந்தா பேசிப் பாருங்க. கூடவே ஒரு நிபந்தனையும் கேளுங்க, 18 மாசமோ 24 மாசமோ ஆகியும் ஒரு உரிமையும் விக்கலன்னா அதெல்லாம் எழுத்தாளருக்கே திரும்பிடணும்னு. விக்கவும் மாட்டாங்க விடவும் மாட்டாங்கங்கற நிலைமையில மாட்டிக்கிட்டு எத்தனையோ நல்ல புத்தகங்கள் வீணாப்போகுது, பாக்கறப்ப மனசு கஷ்டமா இருக்கு.

அடுத்தது நேரம். புத்தகம் வெளியாகி ரெண்டு வருஷம் கழிச்சு ஃபாரின் ரைட்ஸ் பத்தி யோசிக்கறவங்கதான் அதிகம், ஆனா புத்தகம் புதுசா இருக்கும்போதுதான் அதுக்கு மவுசு. பெரிய மார்க்கெட்ல எல்லாம் கையெழுத்துப்பிரதி எடிட் ஆகி முடிஞ்ச உடனே, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே விக்க ஆரம்பிச்சிடுவாங்க. இதுக்குன்னே ஸ்கவுட்னு ஒரு கூட்டம் இருக்கு, வெளிநாட்டு பதிப்பகங்களும் சினிமா கம்பெனிகளும் மாச சம்பளம் மாதிரி கொடுத்து வெச்சிருப்பாங்க, எந்த ஊர்ல என்ன புது புத்தகம் சூடு பிடிக்குதுன்னு மோப்பம் பிடிச்சு சொல்றதுதான் அவங்க வேலை. ஸ்கவுட் வாங்கவும் மாட்டார் விக்கவும் மாட்டார், ஆனா அவர் எழுதற ஒரு பாரா ரிப்போர்ட்டால பத்து எடிட்டர் உங்க பிரதியைக் கேட்டு மெயில் போடுவாங்க. ஏற்கனவே வந்து ஓடிக்கிட்டிருக்கற புத்தகம்னா விருது, ரெண்டாம் பதிப்பு, நல்ல விமர்சனம், இன்னொரு மொழியில வித்த செய்தி, இதுல ஏதாவது ஒண்ணு வர்ற அன்னிக்கே திரும்ப எல்லாருக்கும் எழுதுங்க.

என்ன அனுப்பணும்? ஒரு பக்க ரைட்ஸ் ஷீட். அதுல அட்டைப்படம், பக்க எண்ணிக்கை, வார்த்தை எண்ணிக்கை, வெளியாகற மாசம், ரெண்டு மூணு வரியில கதை, எழுத்தாளர் பத்தி நாலு வரி, இதுவரைக்கும் எந்தெந்த மொழி வித்திருக்கு, எந்த உரிமை யார்கிட்ட, தொடர்புக்கு யாருன்னு இருந்தா போதும். தனியா ரெண்டு மூணு பக்கத்துல முழு கதைச்சுருக்கம், முடிவையும் சேர்த்து. முடிவைச் சொல்லாம "மீதியை புத்தகத்தில் காண்க"ன்னு விடறது வாசகருக்கு சரி, வாங்கப்போற எடிட்டருக்கு அது எரிச்சல்.

இதைவிட முக்கியம் சாம்பிள் மொழிபெயர்ப்பு. உங்க புத்தகம் இருக்கற மொழி தெரிஞ்ச எடிட்டர்கள் உலகத்துல ரொம்ப கம்மி, அதனால 20, 30 பக்கம் ஆங்கிலத்துல நல்லா மொழிபெயர்த்து வெச்சுக்கணும், ஆங்கிலத்துல விக்காம பிரெஞ்சுலயோ இத்தாலியன்லயோ விக்கறதா இருந்தாலும் பாலமா இருக்கறது இதுதான். இங்க காசு மிச்சம் பிடிக்காதீங்கன்னு கெஞ்சி கேட்டுக்கறேன். மெஷின்ல போட்டு எடுத்ததை ஒரு எடிட்டர் முதல் பக்கத்துலயே கண்டுபிடிச்சிடுவார், அப்புறம் மூலப் புத்தகம் எவ்ளோ நல்லா இருந்தாலும் அந்தக் கதவு அவ்வளவுதான். இலக்கிய மொழிபெயர்ப்பாளருக்கு நியாயமான கூலி கொடுத்து செய்ய வைங்க, அந்த சாம்பிளை வாங்கற பதிப்பகம் பயன்படுத்தலாமா, அவரையே முழு புத்தகத்துக்கும் எடுப்பாங்களான்னு அப்பவே எழுத்துல பேசிக்கோங்க. எந்த பக்கத்தை மொழிபெயர்க்கறதுன்னு கேட்டா ஆரம்பத்துல இருந்தே கொடுங்க, நடுவுல இருந்து அழகான இடமா பொறுக்கி எடுத்தா கதை எப்படித் தொடங்குதுன்னே அவங்களுக்குப் புரியாது.

யாருக்கு அனுப்பறதுங்கறதுக்கு குறுக்கு வழி கெடையாது. உங்க புத்தகத்தோட சாயல்ல இருக்கற மொழிபெயர்ப்புகளை எந்த பதிப்பகம் போட்டிருக்குன்னு பாருங்க, அந்தப் புத்தகங்களோட நன்றிப் பக்கத்துல எடிட்டர், ஏஜென்ட், மொழிபெயர்ப்பாளர் பேரெல்லாம் இருக்கும், பட்டியல் அங்கதான் தொடங்குது. ஒவ்வொரு நாட்டுக்கும் நேரா எழுத முடியலன்னா சப் ஏஜென்ட், அதாவது உங்க சார்பா அந்தந்த நாட்டுல விக்கற உள்ளூர் ஏஜென்ட் வழியா போகலாம். ஜப்பான், கொரியா, சீனா மாதிரி இடங்கள்ல உள்ளூர் ஏஜென்சி வழியா போறதுதான் வழக்கம். உள்நாட்டு டீலுக்கு ஏஜென்ட் 15 சதவீதம் எடுத்தா வெளிநாட்டு டீலுக்கு சப் ஏஜென்ட் பங்கும் சேர்த்து 20ன்னு போகும். படிக்கறதுக்கே ஃபீஸ் கேக்கற ஏஜென்டுகிட்ட இருந்து தள்ளி நில்லுங்க, நல்ல ஏஜென்ட் சம்பாதிக்கறது கமிஷன்ல மட்டும்தான்.

வாங்கறவங்களுக்கு பெரிய தயக்கமே மொழிபெயர்ப்புச் செலவுதான், அதுக்கு மானியம் இருக்குன்னு நீங்களே எடுத்துச் சொன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. நார்வே புத்தகங்களுக்கு நோர்லா, கொரிய இலக்கியத்துக்கு எல்டிஐ கொரியா, ஜெர்மன் புத்தகங்களுக்கு கோத்தே இன்ஸ்டிட்யூட், எந்த மொழியில இருந்தும் ஆங்கிலத்துக்குக் கொண்டு வர்ற பிரிட்டன் பதிப்பகங்களுக்கு இங்கிலிஷ் பென் அமைப்போட திட்டம், இப்படி நிறைய உண்டு. பொதுவா விண்ணப்பிக்கறது வாங்கற பதிப்பகம்தான், அதுவும் புத்தகம் அச்சாகறதுக்கு முன்னாடி, அதனால கடைசி தேதியை உங்க முதல் மெயில்லயே சொல்லிடுங்க.

புத்தகக் கண்காட்சின்னா ஃப்ராங்க்ஃபர்ட் அக்டோபர்ல, 1949ல இருந்து இன்னைக்கு இருக்கற வடிவத்துல நடக்குது. லண்டன் கண்காட்சி வசந்த காலத்துல, சிறுவர் புத்தகம்னா இத்தாலியில பொலோன்யா, அது 1964ல தொடங்கினது. அங்க வேலை எப்படி நடக்கும்னா ஏஜென்டுகளுக்குன்னு தனி ஹால், வரிசையா சின்னச் சின்ன மேசை, ஒரு மீட்டிங்குக்கு அரை மணி நேரம், அது முடிஞ்சதும் அடுத்த ஆள் பக்கத்துலயே நிப்பார். அந்த அரை மணியில ஒரு புத்தகத்துக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான் தேறும். அதனால கதையை ஆதியோட அந்தமா சொல்லாதீங்க, யாருக்கு என்ன நடக்குது, ஏன் இந்தப் புத்தகம் வேற மாதிரி, எந்த வாசகருக்கு இது பிடிக்கும், இவ்ளோ போதும். எதிர்ல இருக்கறவர் முகத்தைப் பாத்துக்கிட்டே பேசுங்க, பேனாவை எடுத்து குறிக்க ஆரம்பிச்சா அங்கயே நிறுத்திட்டு பிரதி அனுப்பறேன்னு சொல்லுங்க. அப்பாயின்ட்மென்ட் ரெண்டு மூணு மாசம் முன்னாடியே கேக்கணும், நேர்ல போய் நின்னு பேசிக்கலாம்னு போனா யாரும் கெடைக்க மாட்டாங்க. திரும்பி வந்த வாரமே கேட்டவங்களுக்கெல்லாம் பிரதியை அனுப்பிடுங்க, நிறைய டீல் கண்காட்சியில இல்ல, அதுக்கப்புறம் வர்ற மெயில்லதான் முடியுது.

ஆஃபர் வந்தா உடனே சரின்னு சொல்லாம படிச்சுக்கிட்டு இருக்கற மத்தவங்களுக்கும் ஆஃபர் வந்திருக்குன்னு தகவல் கொடுத்து ஒரு தேதி வைங்க. ரெண்டு பேர் வந்தா ஏலம். கணக்கு எப்படின்னு ஒரு உதாரணம் பாக்கலாம். புத்தக விலை 20 யூரோ, முதல் பதிப்பு 3000 பிரதி, ராயல்டி 6 சதவீதம்னா மொத்த பதிப்பும் வித்தா 3600 யூரோ வரும், அட்வான்ஸ் பேச்சு இந்த எண்ணைச் சுத்தித்தான் ஓடும். அதனால ஆஃபர் வரும்போது தொகையை மட்டும் பாக்காம எத்தனை பிரதி அச்சடிப்பீங்க, விலை என்னன்னு கேளுங்க. இந்த 3600ல ஏஜென்டும் சப் ஏஜென்டும் சேர்ந்து 20 சதவீதம் எடுத்தா மீதி 2880, ஏஜென்ட் இல்லாம பதிப்பகமே நேரா வித்து 75 சதவீதம் பங்குன்னா அதே 3600ல உங்க கைக்கு 2700, இன்னும் வரி கழியணும். எழுத்தாளர் எந்த நாட்டுல வரி கட்டறார்ங்கற சான்றிதழை முன்கூட்டியே கொடுத்தா ரெட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கற நாடுகள்ல பிடித்தம் குறையும்.

ஒப்பந்தத்துல காலம் 5ல இருந்து 7 வருஷம், 18 அல்லது 24 மாசத்துக்குள்ள வெளியிடணும், இல்லன்னா அட்வான்ஸ் திரும்பத் தராம உரிமை திரும்பணும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது ராயல்டி கணக்கு, கணக்கைச் சோதிக்கற உரிமை, எழுத்தாளரைக் கேக்காம கதையில வெட்டக்கூடாது, மொழிபெயர்ப்பாளர் பேர் புத்தகத்துல வரணும், ஏஐ பயிற்சிக்கு பிரதியைப் பயன்படுத்தக்கூடாது, சினிமா உரிமை இதுல சேராதுன்னு வெளிப்படையா ஒரு வரி. இதெல்லாம் கேட்டா கோவிச்சுப்பாங்களோன்னு பயப்பட வேண்டாம், தினமும் பாக்கற விஷயம்தான் அவங்களுக்கு.

சினிமா வேற உலகம். அங்க பெரும்பாலும் முதல்லயே வாங்க மாட்டாங்க, ஆப்ஷன் எடுப்பாங்க. அதாவது 12 அல்லது 18 மாசத்துக்கு இந்தக் கதையை வேற யாருக்கும் கொடுக்கக்கூடாதுன்னு ஒரு தொகை, அதுக்குள்ள திரைக்கதை, நடிகர், பணம் எல்லாம் திரட்டி படம் ஓகே ஆச்சுன்னா முழு விலை. ஆப்ஷன் தொகை முழு விலையில 10 சதவீதம்னு ஒரு பழைய வழக்கம் உண்டு, நடைமுறையில அதைவிடக் குறைவாவும் வரும். முழு விலையை பட்ஜெட்டுல 2, 3 சதவீதம்னு வெச்சு கீழ ஒரு குறைந்தபட்சம், மேல ஒரு அதிகபட்சம் போடுவாங்க. பட்ஜெட் 40 லட்சம் டாலர், 2.5 சதவீதம்னா 1 லட்சம் டாலர். நீங்க அழுத்திப் பேச வேண்டியது அந்தக் குறைந்தபட்சத்துக்குத்தான், பட்ஜெட் சுருங்கினா உங்களைக் காப்பாத்தறது அது ஒண்ணுதான். ஆப்ஷன் எடுத்த கதைகள்ல படமா வர்றது கொஞ்சமே கொஞ்சம், அதனால ஆப்ஷன் விலையையும் அதை நீட்டிக்கற விலையையும் லேசா விட்டுடாதீங்க. முதல் தொகை முழு விலையில கழியும், நீட்டிப்புத் தொகை கழியக்கூடாதுன்னு கேளுங்க.

லாபத்துல பங்குன்னு சொல்லுவாங்க, அதை போனஸா நினைச்சுக்கோங்க, நிகர லாபம்னு கணக்கு முடியறப்ப அநேகமா மிச்சம் எதுவும் இருக்காது. நிச்சயமா வர்ற பணத்தைப் பாருங்க, சீரிஸ்னா எபிசோடுக்கு இவ்ளோ, அடுத்த சீசனுக்கு இவ்ளோ, ரீமேக்குக்கும் இரண்டாம் பாகத்துக்கும் இவ்ளோன்னு. அடுத்த புத்தகம், அதே பாத்திரங்களை வெச்சு நீங்க எழுதப்போற கதை, ஆடியோ, மேடை நாடகம் இதெல்லாம் உங்ககிட்டயே இருக்கணும். வாங்கின பிறகும் 5 அல்லது 7 வருஷத்துல ஷூட்டிங் தொடங்கலன்னா உரிமை திரும்பணும். காசே இல்லாம ஆறு மாசம் கதையை எடுத்துக்கிட்டு கம்பெனி கம்பெனியா காட்டறேன்னு சொல்ற தயாரிப்பாளரும் வருவார், அவர் முன்னாடி எடுத்த படங்கள் நல்லா இருந்து, காலம் குறுகலா இருந்து, எழுத்துல இருந்தா யோசிக்கலாம், வாய்மொழியா மட்டும் கொடுத்துடாதீங்க.

படக்கம்பெனி வக்கீல் கடைசியில கேக்கறது இந்த உரிமை உங்ககிட்ட வந்து சேர்ந்த ஆவணங்களோட சங்கிலியைத்தான். பதிப்பக ஒப்பந்தம், சினிமா உரிமை எழுத்தாளர்கிட்டயே இருக்குன்னு பதிப்பகம் கொடுக்கற கடிதம், கூட எழுதினவர் இருந்தா அவர் கையெழுத்து, புத்தகத்துல எடுத்தாண்ட பாட்டு வரிக்கும் போட்டோவுக்கும் அனுமதி, நிஜ மனுஷங்க கதைன்னா அவங்க சம்மதம். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் டீல் மாசக்கணக்கா தொங்கும், ஆப்ஷன் வர்றதுக்கு முன்னாடியே ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. தயாரிப்பாளர்களை சந்திக்கணும்னா பெர்லின் திரைப்பட விழாவுல புத்தகங்களுக்குன்னே ஒரு நாள் உண்டு, கான் திரைப்பட விழாவுலயும் ஷூட் த புக்னு நடத்தறாங்க, ரெண்டுக்கும் ஏஜென்ட் அல்லது பதிப்பகம் வழியாத்தான் புத்தகம் போகும்.

கையெழுத்து ஆன பிறகு ஒரு ஷீட் திறந்து ஒவ்வொரு டீலுக்கும் மொழி, பதிப்பகம், காலாவதி தேதி, வெளியிட வேண்டிய கடைசி தேதி, பணம் வர வேண்டிய தேதி, ஆப்ஷன் முடியற தேதி எல்லாம் போட்டு காலண்டர்ல ரிமைண்டர் வைங்க. நீட்டிப்புப் பணம் வராம ஆப்ஷன் தேதி தாண்டினா அடுத்த நாளே உரிமை திரும்பிடுச்சுன்னு எழுத்துல ஒரு மெயில் அனுப்பி அவங்க பதிலையும் வாங்கி வெச்சுக்கோங்க, ஏன்னா அடுத்து வர்ற கம்பெனியோட வக்கீல் முதல்ல கேக்கப்போறது அந்த மெயிலைத்தான்.