பாபெட்டை அன்னபூரணி ஆக்காதீர்கள்

ஸ்காண்டிநேவியச் சிறுகதைகளைப் பற்றிப் புதிதாக எழுதுபவர்கள் கட்டுரையை அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். பெயர்களைத் தப்பாக எழுதுவதெல்லாம் தானே சரியாகிவிடும். நாங்கள் விழுந்த அதே பள்ளங்களில் விழுவதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

கலையைத் தியாகம் என்று வாசிப்பது

டென்மார்க் எழுத்தாளர் கேரன் பிளிக்சனின் ‘பாபெட்டின் விருந்து’ 1950-ல் வெளியானது. 1871-ல் பாரிஸ் மக்கள் எழுந்து நடத்திய ‘பாரிஸ் கம்யூன்’ புரட்சியில் கணவனையும் மகனையும் பறிகொடுத்த பாபெட், நார்வேயில் பக்தி மிகுந்த சகோதரிகள் இருவர் வீட்டில் சமையல்காரியாக இருக்கிறாள். லாட்டரியில் விழுந்த 10,000 பிராங்கையும் ஒரே விருந்தில் கரைக்கிறாள்.

நம்மவர்களுக்கு உடனே கண் கலங்கிவிடும். கட்டுரைக்கு ‘அன்னபூரணி’ என்று தலைப்பு. ஒருவர் விருந்தோம்பல் அதிகாரத்தில் பாதியை எடுத்து ஒட்டியிருந்தார். ஒரு கூட்டத்தில் கதை சொன்னவர் விருந்தோடு நிறுத்திக்கொண்டார், பலத்த கைதட்டல். எனக்கு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. அவர் விட்டுவிட்ட கடைசிப் பக்கங்களில்தானே கதையே இருக்கிறது!

எங்களுக்காக எல்லாவற்றையும் செலவழித்துவிட்டாயே என்று தங்கை ஃபிலிப்பா உருகுகிறாள். பாபெட் திருப்பிப் பார்க்கும் பார்வையில் இரக்கம் இருக்கிறது, அடியில் கொஞ்சம் இளக்காரமும். உங்களுக்காக இல்லை, எனக்காக என்கிறாள்; நான் பெரிய கலைஞர் என்கிறாள். அதோடு விட்டாளா? பாரிஸில் தன் சமையலைக் கொண்டாடிய பிரபுக்களை நினைத்து ஏங்குகிறாள். அவர்களில் ஒருவர் ஜெனரல் காலிஃபே, கம்யூனை ரத்தத்தில் நசுக்கியவர். மக்களைப் பட்டினி போட்ட கூட்டம் என்று அவளே சொல்கிறாள். ஆனாலும் அவள் கை அருமை தெரிந்தவர்கள் அவர்கள்தான். இந்த இடம் நமக்குக் கசக்க வேண்டும். தியாகம் என்று பூசி மெழுகினால் கதையில் எதுவும் மிஞ்சாது.

சிரிக்கிற இடத்தில் கும்பிடுவது

சாப்பாட்டைப் பற்றி மூச்சு விடுவதில்லை என்று சபதம் செய்துவிட்டு ஊரார் பந்தியில் உட்காருகிறார்கள். விருந்தாளியாக வந்த இன்னொரு ஜெனரல், குடிப்பது 1860-ஆம் வருடத்து ஷாம்பெய்ன் என்று கண்டுபிடித்துத் திகைக்கிறார். பக்கத்தில் இருப்பவரோ புன்னகையோடு வானிலை பேசுகிறார். ஏதோ எலுமிச்சை பானம் என்று அவர்களுக்கு நினைப்பு! சாப்பாட்டைப் பற்றி எழுதினால் அமெரிக்கப் பத்திரிகைகள் வாங்கும் என்று நண்பர் கொளுத்திப் போட்டதில் பிறந்த கதை இது. ஆசிரியர் விளையாடிக்கொண்டிருக்கிறார், நாம் கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

படத்தைப் பார்த்துவிட்டு கதையைப் பற்றி எழுதுவது

‘பாபெட்டின் விருந்து’ கதையை வைத்து 1987-ல் வந்த படத்தில் ஊர் டென்மார்க்கின் ஜட்லாந்தில். கதையில் நார்வேயின் பெர்லவோக். மாட்டிக்கொள்வீர்கள்.

ஆண்டர்சனைக் குழந்தைகளுக்கு ஒதுக்குவது

தேவதைக் கதைகளுக்குப் பேர்போன டென்மார்க்காரர் ஆண்டர்சனின் ‘நிழல்’ (1847) படியுங்கள். அறிஞனை விட்டுப் போன நிழல், எதிர்வீட்டில் பெண்ணுருவில் குடியிருந்த கவிதையின் வாசலறையில் மூன்று வாரம் இருந்துவிட்டு, எல்லாம் தெரிந்ததாகப் பீற்றிக்கொள்கிறது. உள்ளே போனதா என்று கேட்டால் மழுப்பல். பணமும் செல்வாக்குமாகத் திரும்பி வந்து, எஜமானனையே நிழலாக்கி, கடைசியில் அவன் உயிரையும் எடுத்துவிடுகிறது. இதையா தூங்கப் போகும் பிள்ளைக்குச் சொல்வீர்கள்?

தூவே யான்சன் என்றால் மூமின் மட்டும் என்பது

பின்லாந்து எழுத்தாளரான யான்சன், மூமின் என்ற குழந்தைக் கதைப் பாத்திரங்களோடு நின்றுவிடவில்லை; அவருடைய பெரியவர்களுக்கான சிறுகதைத் தொகுப்பு 1971-லேயே வந்துவிட்டது.