அப்பா வாழ்ந்த காலத்து ஒளியைப் பார்ப்பது எப்படி

இன்றிரவு நம் கண்ணில் படும் விண்மீன் ஒளி எதுவும் இன்று புறப்பட்டதல்ல. சிரியஸின் ஒளி நம்மை வந்தடைய 8.6 ஆண்டுகள் ஆகின்றன. மகத்தின் ஒளிக்குச் சுமார் 79 ஆண்டுகள். ஆகவே தந்தையை இழந்தவர்கள், அவர் பிறந்த ஆண்டில் கிளம்பி இப்போது வந்து சேரும் ஒளியைத் தேடிப் பிடித்துப் பார்க்கலாம். இறந்தவர்கள் விண்மீன் ஆகிவிடுகிறார்கள் என்று குழந்தைகளிடம் சொல்வதுண்டு. அந்த ஆறுதல் என் மனத்தில் ஒட்டவில்லை. இது ஒட்டியது, ஏனென்றால் இது கணக்கு. என் அப்பா வானத்தை நேசித்ததே கணக்கின் வழியாகத்தான்.

முதல் வேலை விண்மீனைத் தேர்ந்தெடுப்பது. நடப்பு ஆண்டிலிருந்து அப்பா பிறந்த ஆண்டைக் கழியுங்கள். வரும் எண்ணுக்கு நெருக்கமான ஒளியாண்டுத் தூரத்தில் எந்த விண்மீன் இருக்கிறது என்று பாருங்கள். ஒளி ஓராண்டில் கடக்கும் தூரமே ஓர் ஒளியாண்டு. ரோகிணி சுமார் 65 ஒளியாண்டு. மகம் 79. சப்தரிஷி மண்டலத்தில் இரு முனைகளிலும் உள்ளவற்றை விட்டுவிட்டால் மற்ற ஐந்தும் 80 முதல் 83 வரை. பிறந்த ஆண்டு பொருந்தாவிட்டால் வேறோர் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களை முதன்முதலாகக் கையில் வாங்கிய ஆண்டு, அவருக்குத் திருமணமான ஆண்டு, எதுவானாலும் சரி. திருவோணம் 17, வேகா 25, சுவாதி 37, கபெல்லா 43, காஸ்டர் 51. இழப்பு அண்மையில் நேர்ந்திருந்தால் சிரியஸையே பாருங்கள். அப்பா மறைந்து ஐந்தாண்டுகள்தாம் ஆகின்றன என்றால், இன்று உங்கள் கண்ணுக்குள் விழும் சிரியஸ் ஒளி கிளம்பிய வேளையில் அவர் உயிரோடு இருந்தார். இதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது. இந்தத் தூரங்களில் சிறு பிழை உண்டு. ஓராண்டு முன்பின்னாக அமைந்தால் அதை ஒரு குறையாக எண்ண வேண்டாம்.

அடுத்தது கண்ணைப் பழக்குவது. பெரும்பாலோர் இதைச் செய்யாமலே வானம் வெறுமையாக இருக்கிறது என்று உள்ளே போய்விடுகிறார்கள். இருளுக்குக் கண் நன்றாகப் பழக இருபது, முப்பது நிமிடங்கள் வேண்டும். நடுவில் ஒருமுறை செல்போன் திரையைப் பார்த்தாலும் பழகியது பாழ். அப்பாவின் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றியிருக்கும். அது நழுவாமலிருக்க இரண்டு ரப்பர் பேண்டுகள். இருளில் பார்க்க உதவும் விழிச்செல்களைச் சிவப்பு ஒளி அவ்வளவாகத் தூண்டுவதில்லை என்பதால் இந்த ஏற்பாடு. அந்தக் காத்திருக்கும் நேரத்தில்தான் அவர் தம் சிறுவயதுக் கதைகளைச் சொல்வார். நீங்களும் அந்த அரை மணி நேரத்தை வீணென்று நினைக்காதீர்கள். அப்பாவைப் பற்றி யாரிடமாவது பேசுங்கள். தனியாக இருந்தால் அவரிடமே பேசுங்கள்.

இனி விண்மீனைக் கண்டுபிடிக்க வேண்டும். கையை முழுதாக நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால், வானத்தில் அந்த முட்டி மறைக்கும் அகலம் சுமார் பத்து பாகை. சுண்டுவிரல் ஒரு பாகை. எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த இரவில், “என் கை சின்னதாயிற்றே அப்பா, கணக்குத் தப்பாதா?” என்று கேட்டேன். “முட்டி சின்னது, கையும் குட்டை. இரண்டும் சேர்ந்து சரியாகிவிடும், நீ அளந்து பார்” என்றார். என் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் திருப்பி, ஓரியன் என்னும் வேடன் உருவ விண்மீன் மண்டலத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களின் மேல் வைத்தார். அந்த வரிசையை ஒரு பக்கம் இரண்டு முட்டி தூரம் நீட்டினால் வானத்திலேயே மிகப் பிரகாசமான சிரியஸ். எதிர்ப்பக்கம் அதே அளவு நீட்டினால் ஆரஞ்சு நிற ரோகிணி. டிசம்பர் முதல் மார்ச் வரை முன்னிரவில் இது எளிது. மகத்துக்கு ஏப்ரல், மே மாதங்கள் நல்லவை. சிம்ம மண்டலத்தின் தலைப்பகுதி இடம் வலம் மாறிய கேள்விக்குறியாகத் தெரியும், அதன் அடியில் இருக்கும் புள்ளி மகம். சப்தரிஷி மண்டலத்தின் வால் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் சுவாதி வந்துவிடும்.

கண்டுபிடித்தவுடன் இறங்கிவிடாதீர்கள். நிறத்தைப் பாருங்கள். சுவாதியில் மெல்லிய ஆரஞ்சும் மகத்தில் நீலம் கலந்த வெண்மையும் இருக்கும். நின்று பார்ப்பவருக்கே அது பிடிபடும். பிறகு கார்த்திகைக் கூட்டம் இருந்தால் அதை நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்வையை நிறுத்துங்கள். மங்கலான ஒளியை விழியின் ஓரப்பகுதியே நன்றாக வாங்கும் என்பதால், நேராகப் பார்க்கும்போது காணாதவை மெல்ல எழுந்து வரும். அரை மணி நேரம் கழித்து மறுபடி முட்டியால் அளந்தால், வானம் ஏறக்குறைய முக்கால் முட்டி நகர்ந்திருக்கும்.

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், எந்த விண்மீன், வானம் எப்படி இருந்தது, அதன் கீழே அப்பாவைப் பற்றி அன்று நினைவுக்கு வந்த ஒன்று. “நல்லவர், அன்பானவர்” என்று எழுதினால் சில வருடங்களில் அந்தச் சொற்களுக்குள் முகம் இருக்காது. பேனாவை மூடும்போது வரும் ஓசையைக் கேட்ட பிறகே அவர் அதைச் சட்டைப்பையில் செருகுவார் என்று எழுதுங்கள்.

நினைவுநாளில் பார்க்க விரும்பினால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு விண்மீனும் நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி உதிக்கிறது. மாதத்துக்கு இரண்டு மணி நேரம். ஓராண்டில் சுற்று முடிந்துவிடும். எனவே அவர் மறைந்த தேதியில், அதே மணிக்கு, அதே இடத்திலிருந்து பார்த்தால் அன்றிருந்த அதே விண்மீன்கள் அதே நிலையில் நிற்கும். நிலா மட்டும் இதற்குக் கட்டுப்படாது. அது அதே தேதியில் ஏறத்தாழ அதே பிறையோடு வர 19 ஆண்டுகள் ஆகும்.

எந்த விண்மீனைத் தேர்ந்தாலும் சில வாரங்கள் அது சூரியனோடு சேர்ந்து பகலில் உலவும். மகம் ஆகஸ்டு மாதம் முழுவதும் அப்படித்தான். அப்போது வானம் நிறைய மற்ற விண்மீன்களைப் பாருங்கள். செப்டம்பர் கடைசியில் விடியலுக்கு முன் எழுந்து கிழக்கே தேடுங்கள், அங்கிருக்கும்.