மங்கலதேவி கண்ணகி கோட்டம்: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

தேனி மாவட்டமும் கேரளத்தின் இடுக்கி மாவட்டமும் சந்திக்கும் எல்லையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,337 மீட்டர் உயரத்தில் மங்கலதேவி கண்ணகி கோட்டம் இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தின் காட்டுப்பகுதி என்பதால், ஆண்டில் சித்திரா பௌர்ணமி அன்று மட்டுமே பக்தர்களை மேலே விடுகிறார்கள். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே, இந்தப் பயணத்தின் பாதி வேலை வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும்.

முதற்படி: நாளை உறுதி செய்தல்

சித்திரா பௌர்ணமி ஏப்ரல் பிற்பகுதியிலோ மே முற்பகுதியிலோ வரும். 2024-இல் ஏப்ரல் 23 அன்றும், 2025-இல் மே 12 அன்றும் திருவிழா நடந்தது. பௌர்ணமித் திதி இரண்டு நாள்களில் பரவி நிற்கும் ஆண்டுகளும் உண்டு என்பதால், நாட்காட்டியை மட்டும் நம்பிப் பயணச்சீட்டு எடுத்துவிடாதீர்கள். திருவிழாவுக்கு முன்பாக இரு மாவட்ட நிர்வாகங்களும் கூடிப் பேசி, நேரம், வழி, தடைகள் ஆகியவற்றை அறிவிக்கும். அது நாளிதழ்களில் வரும்போது கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வழியைத் தேர்ந்தெடுத்தல்

மேலே செல்ல இரண்டு வழிகள் உண்டு. குமுளியிலிருந்து காட்டுப் பாதையில் ஜீப்பில் செல்வது ஒன்று. கூடலூரை அடுத்த லோயர் கேம்ப் அருகிலுள்ள பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நடந்து ஏறுவது மற்றொன்று. ஜீப் வழியில் அதிகாரிகள் சோதித்து அனுமதிச்சீட்டு கொடுத்த வண்டிகள் மட்டுமே செல்லலாம். இரு சக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களும் முதியவர்களும் குழந்தைகளோடு வருபவர்களும் ஜீப்பையே நாடுவது நல்லது. ஆனால் உடல் ஒத்துழைக்கும் எவருக்கும் நான் பளியன்குடி வழியைத்தான் சொல்வேன். நான் முதன்முறை சென்றபோது காலை எட்டு மணிக்குக் குமுளியை அடைந்து, ஜீப் வரிசையில் வெயிலில் வெகுநேரம் நின்று, மேலே சென்றபின் அரை மணி நேரம்கூட அமைதியாக இருக்க முடியாமல் இறங்கினேன். அடுத்த ஆண்டு நடந்து ஏறியபோதுதான் அது என்ன இடம் என்பது எனக்குப் புரிந்தது.

மூன்றாம் படி: கதையை ஒருமுறை வாசித்தல்

இதைத் தவிர்த்துவிட்டுச் சென்றால் மேலே சில கற்களை மட்டுமே காண்பீர்கள். மதுரையை எரித்த கண்ணகி, வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து, நெடுவேள் குன்றம் ஏறி, ஒரு வேங்கை மரத்தின் கீழ் நின்று, பதினான்காம் நாள் கோவலனோடு வானுலகம் சென்றாள் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. அதைக் கண்ட மலைக்குறவர் சேரன் செங்குட்டுவனிடம் சொல்ல, அவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து, கங்கையில் நீராட்டி, பத்தினிக்குக் கோயில் எடுத்தான். அந்தக் கோட்டம் இதுவே என்பது இப்பகுதி மக்களின் நெடுநாள் நம்பிக்கை. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1960-களில் கள ஆய்வு செய்து இவ்விடத்தைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். மலைப்பகுதிக்கு வழங்கும் வண்ணாத்திப்பாறை என்ற பெயர், ‘விண்ணேற்றிப் பாறை’ என்பதன் மருவுதான் என்று சொல்பவர்களும் உண்டு. வஞ்சிக் காண்டத்தின் முதல் பகுதியான குன்றக்குரவையை உரையோடு படிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

நான்காம் படி: பையைக் கட்டுதல்

பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உண்டு. கடைகளில் வாங்கும் சிறிய தண்ணீர் பாட்டில்களைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீரும், டப்பாவில் எலுமிச்சைச் சோறோ புளியோதரையோ எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் குடிநீர் வைத்திருப்பார்கள் என்றாலும், ஏற்றத்தில் ஒருவருக்கு இரண்டு லிட்டர் கையில் இருப்பதே பாதுகாப்பு. மது, அசைவ உணவு ஆகியவற்றைக் கொண்டுசெல்லக் கூடாது. பிடிமானமுள்ள காலணி, தொப்பி, ஒரு துண்டு, சித்திரை மாதத்துப் பிற்பகல் மழைக்கு ஒரு மழைக்கோட்டு ஆகியவை போதும்.

ஐந்தாம் படி: ஏறுதல்

முந்தைய இரவே கம்பத்திலோ கூடலூரிலோ தங்கிவிட்டு, விடிவதற்குள் பளியன்குடியை அடைந்துவிடுங்கள். அண்மை ஆண்டுகளில் காலை ஆறு மணி அளவில் அனுமதி தொடங்குகிறது; பிற்பகல் இரண்டரை மணிக்குப் பிறகு மேலே ஏற விடுவதில்லை. தொடக்கத்திலேயே ஏற்றம் கடுமையாக இருக்கும். பேசிக்கொண்டே ஏறினால் மூச்சு வாங்கும் என்பதால், முதல் ஒரு மணி நேரம் வாய்மூடி, சிறு சிறு அடியாக வைத்து நடப்பது என் வழக்கம். மரங்கள் குறைந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் திரும்பிப் பாருங்கள்: கீழே கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் தோப்புகளும் கட்டம் கட்டமாக விரிந்து கிடக்கும். பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் நுழையாதீர்கள். யானைகள் நடமாடும் இடம் அது.

ஆறாம் படி: கோட்டத்தில்

மேலே கோபுரம் இல்லை. சரிந்த மதிற்கற்கள், கூரையிழந்த சுவர்கள், இடுக்குகளில் முளைத்த புல், அவற்றுக்கு நடுவே அன்று ஒரு நாள் மட்டும் பூவும் பட்டும் சாத்தப்பட்ட அம்மன். கற்களில் பழைய தமிழ் எழுத்துகள் வெட்டப்பட்டிருப்பதைக் காணலாம். கண்ணால் மட்டும் பாருங்கள், கை வைத்துத் தேய்க்காதீர்கள், மஞ்சளோ குங்குமமோ பூசாதீர்கள். தமிழ் முறையிலும் கேரள முறையிலும் பூசைகள் நடக்கின்றன. பெண்கள் வளையலும் மஞ்சள் கயிறும் பெற்றுச் செல்வதைப் பெரும்பேறாகக் கருதுகிறார்கள். தரிசனம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாமல், கூட்டத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, கற்களுக்கு அப்பால் உள்ள புல்லில் கால் மணி நேரம் உட்காருங்கள். காற்று மட்டும் அங்கே ஓயாமல் வீசிக்கொண்டிருக்கும்.

ஏழாம் படி: இறங்குதல்

மதியம் ஒரு மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். மேகம் கூடினால் அதற்கும் முன்பே கிளம்ப வேண்டும். திறந்த புல்வெளியில் இடிமின்னலில் நிற்கக் கூடாது. இறக்கத்தில்தான் கால் வழுக்கும் என்பதால், ஏறியதைவிட மெதுவாக இறங்குங்கள். சாப்பிட்ட இலை, தீப்பெட்டி, கிழிந்த கயிறு எதுவானாலும் பையில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். லோயர் கேம்ப் சாலையை அடைந்ததும் கூடலூர், கம்பம் வழியாகத் தேனி செல்லும் பேருந்துகள் கிடைக்கும். வலப்பக்கச் சன்னலோர இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். பொழுது சாய்ந்திருந்தால், சித்திரை முழுநிலவு அந்தப் பக்கமாகத்தான் எழும்பும்.