பழைய வேனில் சக்கரம் மாட்டுவது: போல்ட்டா, ஸ்டட்டா?

பழைய வேனுக்கு வேறு ரிம் வாங்கி மாட்டும்போது, துளைகள் பொருந்தினாலே போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். சக்கரத்தை உண்மையில் பிடித்து வைத்திருப்பது போல்ட்டும் நட்டும்தான். அவை அந்த ரிம்முக்கு உரியவையா என்பதை ஜாக்கியைத் தொடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஹப்பில் (சக்கரம் உட்காரும் நடுப்பாகம்) மரை வெட்டிய துளைகள் மட்டும் இருந்தால், அது போல்ட் போடும் வண்டி. மரைக்கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதுதான் ஸ்டட். மேலே நட் வரும்.

முதல் வேலை, துளை வட்டத்தின் விட்டத்தைப் பார்ப்பது; போல்ட் துளைகளின் மையங்கள் வழியாகப் போகும் வட்டம் இது. ஒரே பெயருள்ள வேனிலேயே இது மாறும். ஃபோக்ஸ்வாகன் டைப் 2-வில் 1970 மாடல் வரை ஐந்து துளை, 205 மி.மீ. வட்டம், 1971 மாடலிலிருந்து ஐந்து துளை, 112 மி.மீ. ஒன்றின் ரிம் மற்றதில் ஏறாது.

அடுத்தது போல்ட் உட்காரும் இடத்தின் வடிவம். பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். போல்ட் தலைக்குக் கீழே உள்ள கழுத்து சிலவற்றில் கூம்பாக, நேர்ச்சரிவாக இருக்கும். சிலவற்றில் பந்துபோல உருண்டிருக்கும். ரிம்மின் துளையிலும் அதே வடிவம் இருக்க வேண்டும். கூம்புத் துளையில் உருண்டை போல்ட்டைப் போட்டால் மெல்லிய வளையமாக மட்டுமே தொடும். டார்க் ரெஞ்ச் (குறித்த அளவு இறுக்கத்தைக் காட்டும் ஸ்பேனர்) சரியென்று 'கிளிக்' சொல்லும், ஆனால் ஓட ஓட அந்த இடம் தேய்ந்து போல்ட் தளரும். பழைய இரும்பு ரிம்மைக் கழற்றி அலாய் (உலோகக் கலவை) ரிம் போடுகிறவர்கள், பழைய போல்ட்டையே திரும்பப் போடலாம் என்று எண்ண வேண்டாம்.

நீளமும் அப்படித்தான். அலாய் தடிமனானது, பழைய போல்ட் எட்டாமல் போகலாம். மரை பிடித்ததிலிருந்து இறுகும்வரை எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். மரை இடைவெளி 1.5 மி.மீ. உள்ள எம்12-க்கு (12 மி.மீ. தடிமன்) ஆறரை, எம்14-க்கு (14 மி.மீ.) ஏழரை. இதற்குக் குறையக் கூடாது. ரொம்ப நீளமானாலும் தொல்லை: டிரம் பிரேக்கில் போல்ட்டின் முனை உள்ளே போய் பிரேக் பாகங்களில் இடிக்கும்.

போல்ட் வண்டியை ஸ்டட்டுக்கு மாற்றவும் முடியும். இரு முனையிலும் மரை உள்ள ஸ்டட்டை, மரைப் பசை (மரை தளராமல் பூட்டும் பசை) தடவி ஹப்பில் ஏற்றுங்கள். இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, வெளி நட்டைத் திருப்பினால் ஸ்டட் உள்ளே போகும். பசை காய, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் விடுங்கள். என்னைக் கேட்டால், அடிக்கடி சக்கரம் கழற்றுகிறவருக்கு மட்டும்தான் இந்த மாற்றம் தேவை. சக்கரத்தை ஸ்டட்டில் தொங்கவிட்டு நிதானமாக நட் போடலாம், முதுகு தப்பிக்கும். மற்றவர்களுக்கு நல்ல போல்ட்டே போதும்.

சரி, இனி மாட்டுவோம். வண்டி சமதரையில் நிற்க, ஹேண்ட் பிரேக் போட்டு, தூக்காத பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே போல்ட்களை அரைச் சுற்று தளர்த்துங்கள். மிகப் பழைய சில வண்டிகளில் இடப்பக்க மரை தலைகீழாக, வலப்புறம் திருப்பினால் கழலும்படி இருக்கும்; பிடிவாதம் பிடித்தால், பலம் காட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள். ஜாக்கியால் தூக்கியதும் ஸ்டாண்டு கொடுத்துவிடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம்.

ஹப்பும் ரிம்மும் சேரும் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துருப் போகத் தேயுங்கள். அங்கே தடித்த பெயின்ட் இருந்தால் சுரண்டுங்கள். அது நசுங்கும்போது இறுக்கம் குறையும். தயாரிப்பாளர் சொல்லாதவரை மரையில் எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். உராய்வு குறைந்து, அதே டார்க்கில் போல்ட் அளவுக்கு மேல் இழுபடும்.

எல்லாவற்றையும் முதலில் கையால் ஏற்றுங்கள். சிக்கினால் வெளியே எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். பிறகு நட்சத்திர வரிசையில், ஒன்று விட்டு ஒன்றாகப் பாதியளவு இறுக்குங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றி உள்ளே உரசல் சத்தம் வருகிறதா கேளுங்கள். இல்லையென்றால் வண்டியை இறக்கி, டார்க் ரெஞ்சால் அதே வரிசையில் முடியுங்கள். எம்14 போல்ட்டுக்கே வேனுக்கு வேன் அளவு மாறும், ஆகவே உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள எண்ணையே பின்பற்றுங்கள்.

50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி டார்க் பாருங்கள். சற்றே நகர்ந்தால் இறுக்கிவிடலாம். அடுத்த முறையும் அதே போல்ட் தளர்ந்திருந்தால், அப்புறம் இறுக்கிக்கொண்டே போகாதீர்கள்: கழற்றி கழுத்தின் வடிவத்தையும் துளையையும் சேர்த்துப் பாருங்கள்.